செஞ்சோற்றுக் கடனும் இரண்டாம் கணக்கும்

தவக்காலத்து மாலையொன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்பு, பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒருவர் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மதுரை மாநகரிலும் சுற்றுப்புறத்திலும் அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் ஓர் அலுவலகத்தில் அவர் கணக்கெழுதுபவர். அவர் பேசியது ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று. அதில் கேட்டதாயின் இவ்வரிகள் எழுதப்படா. இது குறித்து எழுதலாமா என்று அவரிடமே கேட்டு, அவரை அடையாளம் காட்டும் எதையும் விலக்கிய பின்னரே எழுதத் துணிந்தோம்.

அவர் பையில் இரண்டு பேரேடுகள் இருந்தன. ஒன்று வரி அலுவலகத்துக்குக் காட்டும் கணக்கு. மற்றது முதலாளியும் அவரும் மட்டுமே பார்க்கும் கணக்கு. வீடு வாங்குவோர் தரும் விலையில் பாதி முதற்கணக்கில் ஏறும். மறுபாதி ரொக்கமாக வந்து இரண்டாம் கணக்கில் ஒளிந்துகொள்ளும். ரசீது இல்லாமல் வாங்கிய சிமென்டும் கம்பியும் அதில் இருக்கும். சனிக்கிழமைதோறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கையில் கொடுக்கும் கூலியும் அதில்தான் இருக்கும். முதற்கணக்கின்படி அந்த நான்கு மாடிக் கட்டடத்தை எழுப்பியவர்கள் பதினொரு பேர். இரண்டாம் கணக்கின்படி அறுபத்து மூன்று பேர். இடையிலுள்ள ஐம்பத்திரண்டு பேரும் பகலெல்லாம் வெயிலில் நின்று கல் சுமந்தவர்கள். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் பிறக்கவே இல்லை. அவர்களுள் ஒரு பெண், சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, “எங்களிடம் அப்படி யாரும் வேலை செய்யவில்லை” என்று அலுவலகம் பதில் சொல்லியது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவர் நம் முன் அமர்ந்திருந்தவரே.

“சாமி, இதை வெளியே சொன்னால் பாவமா? சொல்லாவிட்டால் பாவமா?” என்று கேட்டார். சற்று நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில், “சொன்னால் அரசாங்கம் ஐந்து விழுக்காடு வெகுமதி தருமாமே, அதை வாங்கினால் பாவமா?” என்றார்.

நாம் அன்று என்ன பதில் சொன்னோம் என்பதை எழுதவே கூசுகிறது. பொறுமையாயிருங்கள், செபியுங்கள், அவசரப்பட வேண்டாம் என்றோம். எட்டாண்டு இறையியல் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு அருகில் மறையுரை ஆற்றிவரும் ஒருவருக்கு, ஓர் ஏழைக் கணக்கரின் கேள்வி முன்னே தோன்றிய ஞானம் அவ்வளவே! அவர் வணங்கிப் போய்விட்டார். நம் உறக்கமும் அவரோடு போயிற்று.

பெயரும் இடமும் சொல்லாமல் இந்தக் கேள்வியை அறிந்தவர் சிலரிடம் வைத்துப் பார்த்தோம். நல்லவர்கள், ஞாயிறு தவறாதவர்கள். ஒருவர் சொன்னார்: “உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா?” இன்னொருவர் சொன்னார்: “காட்டிக் கொடுத்துக் காசு வாங்கியவன் கதை நமக்குத் தெரியாததா? முப்பது வெள்ளிக்காசு!” இவ்விரு பதில்களும் தவறு என்பதே நம் வழக்கு. தவறு மட்டுமன்று, ஏய்ப்பவனுக்கு ஏவல் செய்யும் பதில்கள் என்றே கூறுவோம்.

முதலில் செஞ்சோற்றுக் கடன். தமிழனின் நெஞ்சில் இந்தச் சொல்லுக்கு உள்ள இடம் பெரிது. கர்ணனுக்காகக் கண்ணீர் விட்ட மக்கள் நாம். கம்பன் காட்டும் கும்பகருணன், அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவன் சோற்றுக்காகவே போர்க்களம் போகிறான்; அவன் சாவில் நாம் உருகுகிறோம். ஆயினும் அதே காப்பியத்தில் வீடணன் அண்ணனை விட்டு நீங்குகிறான்; கம்பன் அவனைத் துரோகி என்று தள்ளிவிடவில்லையே! சோற்றுக்குக் கட்டுப்பட்டவனை நேசிக்கவும், அறத்துக்குக் கட்டுப்பட்டவனை மதிக்கவும் நம் மரபுக்கு இடமிருந்திருக்கிறது. முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை மறந்தது நம் வசதிக்காக.

அதுவும் இருக்கட்டும். அந்தச் சோறு யாருடையது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு நகரின் நாற்சந்திகளில் போய் நின்று பாருங்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்தும், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும், மழை பொய்த்த கண்மாய்ப் பாசனத்தை நம்ப முடியாமல் பேருந்தேறி வந்தவர்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆள் எடுப்பார். எடுபடாதவர்கள் ஒன்பது மணி வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். இப்பொழுது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் அதே கட்டடங்களில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். முதலாளியின் வீட்டு உலையில் கொதிப்பது இவர்கள் தலையில் சுமந்த கலவையிலிருந்து வந்த அரிசி. கணக்கர் உண்ட சோறும் அதுவே. இரண்டகம் என்று ஒன்று நடந்திருக்குமானால், அதை முதலில் செய்தவர் யார்?

இங்கே ஒரு சிறு விவரத்தை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். படித்தவர்களுள்ளும் பலருக்கு இது தெரியாது. வரி ஏய்ப்பு என்றால் அரசு கஜானாவுக்கு இழப்பு, அது ஏதோ டில்லிக்கும் பணக்காரனுக்கும் இடையிலான வழக்கு என்றே நாம் நினைக்கிறோம். கட்டுமானத் துறையில் அப்படியன்று. இத்துறையில் தொழிலாளியின் பெயராலேயே ஒரு வரி இருக்கிறது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு 1982-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் கீழ், தொழிற்சங்கத்தார் நெடுநாள் போராடியதன் பயனாக, 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. பின்னர் 1996-இல் நடுவண் அரசும் சட்டம் இயற்றியது. நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டடச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த வரிக்கு இடமிருக்கிறது. வாரியத்தில் பதிந்த தொழிலாளியின் பிள்ளைக்குக் கல்வி உதவி, மகளின் திருமணத்துக்கு உதவி, பேறுகால உதவி, முதுமையில் ஓய்வூதியம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை ஆகியவை இந்த நிதியிலிருந்து வருகின்றன.

இனிக் கணக்குப் போடுவோம். ஒரு கட்டடத்தின் உண்மைச் செலவு 4 கோடி ரூபாய் என்று கொள்வோம். நல வாரியத்துக்குரியது 4 லட்சம். வரைபட அனுமதி கேட்கும்போது செலவை ஒன்றரைக் கோடி என்று காட்டினால், கட்ட வேண்டியது ஒன்றரை லட்சம். மிச்சம் இரண்டரை லட்சம். முதலாளியின் கண்ணுக்கு அது பெரிய தொகையன்று. வருமான வரியிலும் விற்பனையிலும் மறைப்பதோடு ஒப்பிட்டால் அது சில்லறை. ஆனால் அந்தச் சில்லறை எங்கேயிருந்து எடுக்கப்பட்டது? இடுப்பெலும்பு முறிந்த பெண்ணின் மடியிலிருந்து. மேலும், செலவைக் குறைத்துக் காட்டினால் ஆள்களையும் குறைத்துக் காட்ட வேண்டும். இல்லையேல் கணக்கு உதைக்கும். ஆகவே வரி ஏய்ப்பின் பொருட்டே ஐம்பத்திரண்டு பேர் பேரேட்டிலிருந்து அழிக்கப்படுகிறார்கள். வைப்பு நிதி இல்லை, ஈ.எஸ்.ஐ. மருத்துவம் இல்லை, வேலை செய்ததற்குச் சான்றும் இல்லை. வேலையாள்களுக்குக் கொடாது பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்று புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதினார். கூக்குரலிடுவதற்கு அந்தக் கூலி ஒரு கணக்கிலேனும் இருந்தாக வேண்டும். அது இருப்பது இரண்டாம் பேரேட்டில். அதைத் திறக்கும் சாவி ஒரு கணக்கரின் நாவில்.

“வரியைக் கட்டினால் மட்டும் தொழிலாளிக்குப் போய்ச் சேருகிறதா?” என்று கட்டட முதலாளிகள் கேட்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் வேதனையான ஒரு கணக்கு இருக்கிறது. நாடு முழுவதும் இந்த வரியாகத் திரண்டது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளருக்காகச் செலவழிந்தது ஏறத்தாழ 9,500 கோடி மட்டுமே. எழுத்தறியாத கட்டடத் தொழிலாளியின் பெயரால் மடிக்கணினியும் துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கப்பட்ட கதை அந்த வழக்கில்தான் வெளிவந்தது. மாநில அரசுகளின் முகத்தில் அறையும் செய்தி இது. ஆனால் உண்டியல் பணத்தைக் கோயில் கணக்கர் சரியாகச் செலவழிக்கவில்லை என்பதற்காக உண்டியலையே தூக்கிக்கொண்டு போகிறவனை நாம் சீர்திருத்தவாதி என்று அழைப்பதில்லை.

அடுத்தது முப்பது வெள்ளிக்காசு. இந்த ஒப்புமையைச் சொல்பவர்கள் பாடுகளின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டுகிறோம். யூதாசு காட்டிக் கொடுத்தது குற்றமற்றவரை. காசு கொடுத்தவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். இரவில், மக்களுக்குத் தெரியாமல் பிடிப்பதற்காகவே அந்தக் காசு கொடுக்கப்பட்டது. நம் கணக்கர் காட்டப்போவது குற்றத்தை. அதுவும் வலியவனின் குற்றத்தை. மறைவில் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதற்காக. காசு கைமாறுகிறது என்ற ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக ஏதுமில்லை. காசு கைமாறுவதே பாவமென்றால், மறையுரைக்குப் பின் காணிக்கை எடுக்கும் நாமும் அஞ்ச வேண்டியதுதான்.

ஆயினும் வெகுமதி குறித்த ஐயம் முழுதும் அற்பமானதன்று. நம் திருச்சபையின் நினைவில் ஓர் ஆறாத புண் உண்டு. பழைய உரோமைப் பேரரசில் பிறர் குற்றத்தை அறிவித்து அவர் சொத்தில் பங்கு பெறுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. வரலாற்றாசிரியர் தாசித்துஸ் அவர்களை வெறுப்போடு எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் மீது பெயரில்லாத மொட்டைக் கடிதங்கள் வந்தபோது, ஏறத்தாழ கி.பி. 112-இல், அவற்றை ஏற்கலாகாது என்று பேரரசர் திராயான் ஆளுநர் பிளினிக்கு எழுதினார். நம்மைத் துன்புறுத்திய ஆட்சியிலும் அந்த அளவுக்கு நீதி இருந்தது. காசுக்காகப் பொய் சொல்பவன் என்றும் உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஆத்திரத்தில் புனைந்துரைப்பவன் உண்டு. போட்டி முதலாளியின் கைக்கருவி ஆகிறவன் உண்டு.

இதற்கும் முன்னோர் வழி கண்டிருக்கிறார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசுப் பணம் கையாடப்பட்டதை அறிவித்து மெய்ப்பிப்பவனுக்கு ஆறில் ஒரு பங்கு என்கிறது. அவன் அரசின் ஊழியனானால் பன்னிரண்டில் ஒன்று. மெய்ப்பிக்காவிட்டால் தண்டனை, கையூட்டு வாங்கிக்கொண்டு பின்வாங்கினால் கடுந்தண்டனை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் நடுவே, படைக்குப் போலிச் சரக்கு விற்ற ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க 1863-இல் லிங்கன் காலத்தில் வந்த சட்டமும், அறிவிப்பவனுக்குப் பங்கு தந்தது. இன்றும் மீட்கப்படும் தொகையில் 15 முதல் 30 விழுக்காடு வரை தருகிறது. 2012-இல் அந்நாட்டு வரித்துறை, சுவிஸ் வங்கி ஒன்றின் இரகசியங்களை வெளிப்படுத்திய அவ்வங்கியின் முன்னாள் அலுவலருக்கு 10 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. அதே மனிதர் அந்த ஏய்ப்பில் தமக்கிருந்த பங்குக்காகச் சிறையிலும் இருந்தார். உள்ளே இருந்தவனுக்கே உள்ளே நடந்தது தெரியும். கையில் கறை படியாத சாட்சி வேண்டுமென்று காத்திருந்தால் எந்தப் பேரேடும் திறக்காது. நம் கணக்கரும் இரண்டாம் கணக்கைத் தம் கையால் எழுதியவரே.

இங்கே குருமடத்தில் படித்த நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தின்படி, குற்றம் செய்த சகோதரனைத் தனியே அழைத்துத் திருத்துவதல்லவா முதற்படி என்றார். ஆம், முதலாளியிடம் போய்த் தனியே சொல்லட்டும், மறுநாள் காலை அவர் மேசையில் வேறொருவர் அமர்ந்திருப்பார், பேரேடுகள் சாம்பலாகியிருக்கும். புனித தாமஸ் அக்குவினாஸ் இதை அறியாதவர் அல்லர். மறைவான பாவம் செய்தவனை மட்டும் கெடுப்பதானால் தனியே திருத்துக. ஊரைப் பகைவனிடம் காட்டிக் கொடுக்கச் சதி செய்வதுபோலப் பிறரைக் கெடுப்பதானால், தனிச் சொல்லால் அது நின்றுவிடும் என்ற உறுதியான நம்பிக்கை இருந்தாலன்றி, உடனே அறிவிப்பதே முறை என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். ஐம்பத்திரண்டு குடும்பங்கள் ஓர் ஊர் ஆகாதா?

அப்படியானால் நம் அரசு வைத்திருக்கும் வெகுமதித் திட்டத்தை நாம் முழுமனத்தோடு போற்றுகிறோமா? இல்லை. நம் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

வருமான வரித் துறை 2018-இல் அறிவித்த திட்டத்தின்படி, தகவலால் கூடுதலாகக் கிடைக்கும் வரியில் 5 விழுக்காடு, 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், தகவல் தந்தவருக்கு வழங்கப்படலாம். பினாமிச் சொத்துக்கு உச்சம் 1 கோடி. வெளிநாட்டில் மறைத்த செல்வத்துக்கு 5 கோடி. ‘வழங்கப்படலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது உரிமையன்று; கருணைத் தொகை. அதைக் கேட்டு வழக்காட முடியாது. வரி முற்றும் வசூலாகி, மேல்முறையீடுகள் முடிந்து வருவதற்குள் கணக்கரின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெற்றுவிடுவார்கள். அதுவரை அவர் எதை உண்பார்?

இதனினும் பெரிய குறை ஒன்று. இந்த 5 விழுக்காடு கணக்கிடப்படுவது வருமான வரியின் மேல். தொழிலாளர் நல நிதியில் ஏய்த்தது இதில் சேராது. பேரேட்டிலிருந்து அழிக்கப்பட்ட ஆள்களும் சேரமாட்டார்கள். அதாவது, அரசுக்குரிய பங்கை மீட்டுத் தந்தால் அரசு கை நீட்டிக் கொடுக்கும். சித்தாளுக்குரியதை மீட்டுத் தந்தால் அதற்கு விலையில்லை. 2018 ஜூலையில், மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையைச் சேர்ந்த சாலை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வருமான வரித் துறையினர் சோதனை நடத்தி, 160 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமும் ஏறத்தாழ 100 கிலோ தங்கமும் கைப்பற்றியதாகச் செய்திகள் வந்தன. அவ்வழக்கின் நியாயத்தை நாம் தீர்க்க வரவில்லை. அன்று நாளிதழில் பணக்கட்டுகளின் படத்தைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. தார் கொதிக்கும் சாலையில் வேலை செய்தவர்களின் பதிவேடு சரியாக இருந்ததா என்று யாராவது கேட்டோமா? நாமும் கேட்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றி என்ன சொல்ல! தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அவர் கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு அழுதது. பதினோராண்டு கழித்து, 2014-இல், முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கச் சட்டம் ஒன்று நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தந்தார். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளிவராமலே பத்தாண்டுக்கு மேல் கழிந்தது. அச்சட்டமும் அரசு ஊழியர்களின் முறைகேட்டைச் சொல்பவருக்கே. தனியார் அலுவலகத்துக் கணக்கருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

தொலைவுக்குப் போவானேன்? மேலூர் வட்டத்தில் மலைகள் சதுரம் சதுரமாக அறுக்கப்பட்டுக் கட்டடங்களுக்குப் பளிங்குபோல் மெருகேறிப் போனதை நாம் கண்ணால் கண்டோம். மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த உ. சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு எழுதிய அறிக்கையில் கிரானைட் குவாரிகளால் 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டார். அந்த மாதமே கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். பின்னர் 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே ஆய்வுக்கு அமர்த்திற்று என்பது வேறு. மாவட்டத்தையே ஆளும் பதவியில் இருந்தவருக்குக் கிடைத்தது இடமாற்ற ஆணை என்றால், மாதச் சம்பளத்துக்கு இரண்டாம் பேரேடு எழுதுபவருக்கு என்ன கிடைக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். கீழவளவிலும் கீழையூரிலும் கண்மாயும் வாய்க்காலும் போனது குறித்து முதலில் குரல் எழுப்பிய குடியானவர்களுக்கு யார் எத்தனை விழுக்காடு கொடுத்தார்கள்?

ஆகவே நாம் கேட்பது இது. தகவல் தருபவருக்கு வெகுமதி கொடுங்கள். அதை இழிவு என்று நாம் கருதவில்லை. வேலையும் வாடகை வீடும் இழக்கப்போகிறவனுக்கு அது கூலியன்று, இழப்பீடு. ஆனால் அதை உரிமையாக்குங்கள், காலக்கெடு வையுங்கள். முதலில் பாதுகாப்பு, பிறகு பணம். தனியார் துறை ஊழியனையும் சட்டத்தின் குடைக்குள் கொண்டு வாருங்கள். பொய் சொல்பவனைத் தண்டியுங்கள். மொட்டைக் கடிதத்தை மட்டும் நம்பி எவர் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். தொழிலாளர் நல நிதியில் ஏய்த்ததை வெளிப்படுத்தினாலும் வெகுமதி உண்டென்று ஆக்குங்கள். அதைக் கணக்கருக்கு மட்டுமன்றி, “நான் அங்கே வேலை செய்தேன், என் பெயரை எழுதவில்லை” என்று வந்து சொல்லும் சித்தாளுக்கும் கொடுங்கள். இரண்டாம் கணக்கு பிடிபட்டால், அதில் கண்ட பெயர்கள் அனைத்தையும் அன்றே நல வாரியத்தில் பதியுங்கள். அபராதத்தில் முதற்பங்கு அவர்களுக்கு என்று எழுதுங்கள். சக்கேயு தாம் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னது ஏமாந்தவர்களுக்கு. உரோமைக் கஜானாவுக்கு அன்று.

இவ்வளவும் எழுதிய பின், இதை அச்சுக்கு அனுப்பும் முன், நம் பங்குக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூகக் கூடம் கட்டினோம். “பில் போட்டால் வரி ஏறும் சாமி, பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன், கோயில் காரியம்” என்று ஒப்பந்தக்காரர் சொன்னபோது, தூய ஆவியாரே அவர் வாயால் பேசியதாக மகிழ்ந்து தலையசைத்தோம். வரைபடத்தில் காட்டிய செலவு ஒன்று; ஆனது ஏறத்தாழ இருமடங்கு. திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். கல்வெட்டில் ஆயர் பெயர் இருக்கிறது, நம் பெயர் இருக்கிறது, நன்கொடையாளர் பதினேழு பேரின் பெயர் இருக்கிறது.

பங்குப் பேரவையில் இதை எடுத்துவைத்தோம். கட்டாமல் விட்ட 1 விழுக்காட்டைத் தொழிலாளர் துறையில் செலுத்திவிடலாம் என்றோம். யாரும் கேட்காத பணத்தை ஏன் வலியப் போய்க் கட்ட வேண்டும், நாளை அவர்கள் மற்றக் கணக்குகளையும் கேட்டால் என்ன செய்வது, பள்ளிக்கூடக் கட்டடத்தைத் தோண்டினால் என்னாகும் என்றெல்லாம் இரண்டு மணி நேரம் பேசினார்கள். பயம் நியாயமான பயமே. கடைசியில், பின்வரிசையில் இருந்த முதிய கொத்தனார் ஒருவர் எழுந்தார். பேரவையில் அவர் பேசி நாம் கேட்டதில்லை.

“அந்தக் கூடத்துக்கு வானம் தோண்டுனதுல இருந்து தளம் போட்டது வரைக்கும் நான் இருந்தேன், சாமி. எம்மகளும் கல் சுமந்தா. எங்க பேரு எதுலயும் கெடையாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தீர்மானம் நிறைவேறியது, இருவர் ஒப்பவில்லை. பணம் கட்டியாயிற்று. ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

மறுவாரம் கணக்கர் வந்தார். பலகையைப் பார்த்திருந்தார் போலும். பீபீகுளத்து வருமான வரி அலுவலகத்துக்கு எப்பொழுது போகலாம், எந்தப் படிவத்தில் எழுத வேண்டும், வழக்கறிஞர் யாரையேனும் தெரியுமா என்று கேட்டார். உடன் வருகிறோம் என்றோம். வெகுமதி கொடுத்தால் வாங்குவீர்களா என்று நாமே கேட்டோம்.

“வாங்குவேன், சாமி. வேலை போய்விடுமே” என்றார்.